பூ கேட்ட பேய்

அந்தப் பழைய பேய்ப் படத்தைப் புதிதாக எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் மகள் என் உயிரை வாங்கிவிட்டாள். கல்லூரியில் அவள் கூட்டம் மொத்தமும் பார்த்துவிட்டதாம், இவள் ஒருத்திதான் பாக்கியாம். தனியாகப் போகப் பயம். அப்பாவோடு போகலாம் என்றால் அவர் எந்தப் படமானாலும் இடைவேளைக்குள் குறட்டை விட்டுவிடுவார். மிச்சம் இருந்தது நான்.

நான் கேம்ப் ரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். என் குரல் வராந்தாவில் கேட்டாலே பிள்ளைகள் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். இப்படிப்பட்டவளுக்குப் பேய் என்றால் பயம் என்பது என் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த விஷயம். சும்மா வந்த பயம் அல்ல. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பேயை நேரில் பார்த்தவள் நான். அது என் அக்காவுக்குள் இருந்தது.

இதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சேலையூரில் வளர்ந்தோம். அக்கா, அண்ணன், கடைசியாக நான். எங்கள் கிறிஸ்தவ சபை கெடுபிடியானது. நகை கூடாது, பொட்டு கூடாது, தலையில் பூ கூடாது, சினிமா கூடவே கூடாது. தாம்பரத்தில் பஸ் நிற்கும்போது சுவரொட்டி தெரிகிற பக்கம் உட்கார்ந்துவிட்டால் அப்பா எழுந்து இடம் மாறி உட்காருவார். மல்லிகைப் பூவை நான் பக்கத்தில் வைத்து முகர்ந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். என் புகுந்த வீட்டாரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் அவர்கள் போகும் கோயிலில் இந்தக் கண்டிப்பெல்லாம் இல்லை.

அக்காவை எங்கள் சபையிலேயே படப்பையில் ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேதத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார். கை நீளும் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. அக்கா வீங்கிய கன்னத்தோடு வருவாள். அப்பா அவளை முழங்கால் போட வைத்து ஜெபம் செய்வார், அழுவார், மறுநாள் காலை படப்பை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவார். அம்மா டிபன் கட்டிக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கட்டிக் கொடுத்த பெண் திரும்பி வந்து உட்காரலாம் என்ற வழி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் படப்பையிலிருந்து ஆள் வந்தது. உங்கள் பெண்ணுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்றார்கள். எல்லோரும் ஓடினோம். கூடத்தில் கட்டில் மேல் அக்கா தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் வாசலுக்கு வெளியே நின்றான். பாஸ்டர் எண்ணெயோடு கிட்டே போனார். அக்கா மெதுவாகத் திரும்பி, அவள் குரலே இல்லாத ஒரு கட்டைக் குரலில் பேசினாள்.

"வந்துட்டியா? உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். தலையில வெச்ச பூ வாடறதுக்குள்ள என்னைக் கிணத்துல தள்ளினீங்களே. இந்த வீட்டு ஆம்பளை ஒருத்தனும் நிம்மதியாத் தூங்க மாட்டான். பூ குடு. எனக்குப் பூ குடு!"

என் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் வற்றிப் போனது அன்றைக்குத்தான். அந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, பூ என்ற பேச்சே கிடையாது. அதுவே போதுமான அத்தாட்சியாகிவிட்டது. "நம்ம பிள்ளை பூ கேக்குமா? இது நம்ம பிள்ளை இல்ல" என்று பாஸ்டர் சொன்னார். கிணற்றில் செத்த எவளோ ஒருத்தியின் ஆவி என்று முடிவாயிற்று. உபவாச ஜெபம் நடந்தது. ஆவி அசையவில்லை. அக்கா புருஷன் சிநேகிதன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். கடைசியில் அவர்களே ஒரு வேன் பிடித்து அவளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஆவி போய்விட்டது. அப்பாவின் ஜெபத்தால் போனது என்று சபையில் அவருக்குப் பெரிய பெயர். வருஷா வருஷம் எழுந்து நின்று சாட்சி சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அக்கா பெண்கள் பக்கம் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பாவுக்குப் பெயர் கிடைத்தது, அக்காவுக்கு அந்தப் பேய்தான் நிலைத்தது. யாரும் அவள் கையில் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். ஞாயிறு பள்ளியில் நாற்காலி போடலாம், பாடம் எடுக்கக் கூடாது. மறுகல்யாணம் என்ற பேச்சு எழவே இல்லை. தையல் தைத்தாள், சமைத்தாள், அம்மாவைக் கடைசி மூச்சு வரை பார்த்து அனுப்பிவைத்தாள், போன வருஷம் அப்பாவையும் அனுப்பிவைத்தாள்.

இப்போது அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தாகிவிட்டது. கட்டி முடிக்கும் வரை அக்கா எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி. எனக்கு வாடகை போர்ஷன், கூடத்தில் மாமியார் கட்டில், உள்ளே மகள் படிக்கிற மேசை. அண்ணனுக்கு மேடவாக்கத்தில் மூன்று படுக்கையறை வீடு. அதில் ஒன்றில் துணி மட்டும்தான் காயும். நியாயமாக அங்கேதான் போக வேண்டும். அண்ணன் எங்களை உட்கார வைத்துத் தணிந்த குரலில் சொன்னான்: "எங்க பாப்பா சின்னப் புள்ள. அக்காவுக்கு அது திரும்பி வந்துச்சுன்னா என்ன பண்றது?"

அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்தக் கட்டைக் குரல் எனக்கும் மறக்கவில்லையே. படப்பைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் பெண்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம் என்று அண்ணன் விசாரித்து வைத்திருந்தான். படப்பை! அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரிப்பா" என்று எழுந்துபோய்ச் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

இந்த நிலைமையில்தான் மகளோடு மாலில் போய் அந்தப் புதுப் படத்தைப் பார்த்தேன்.

பயந்தேனா என்றால், பயந்தேன். பாப்கார்ன் பக்கத்து சீட்காரர் மடியில் கொட்டுகிற அளவுக்குப் பயந்தேன். புதுப் படத்தில் பேய் ஒரு பெரிய அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்ததாம். முகத்தில் பாதி இல்லை. லிஃப்ட் திறக்கும், யாரும் இருக்க மாட்டார்கள், மூடப் போகும், தடால் என்று ஒரு சத்தம், பாதி முகம். கதை இவ்வளவுதான். சத்தம் வரும்போதெல்லாம் கத்தினேன். வெளியே வந்து காப்பி குடித்ததும் ஒன்றும் நினைவில்லை. யாரோ காதுக்குப் பக்கத்தில் பட்டாசு கொளுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

"இதுல பேய் பேசவே மாட்டேங்குதும்மா" என்று மகள் குறைப்பட்டுக்கொண்டாள். "ஒரிஜினல்ல பேசும். பேசியே சாகடிக்கும். நீ பாக்கணும்."

எனக்கு ஒரு பேய் போதும் என்றேன். அவள் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டு, எல்லோரும் கண் அசரும் நேரத்தில் டி.வி.யில் பழைய படத்தைப் போட்டுவிட்டாள். பட்டப்பகல், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். சரி, இந்த வெளிச்சத்தில் என்ன ஆகிவிடும் என்று நானும் உட்கார்ந்தேன்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். இடி இடிப்பது தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பேயின் புடவை அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்தது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. சவுரி முடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இதைப் பார்த்தா ஊரே பயந்தது என்று மகளிடம் கேலி பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மருமகள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். தலை விரிந்திருந்தது. கால் ஆடியது. மந்திரவாதி கிட்டே போனார். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"வந்துட்டியா? உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

என் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. தலையில வெச்ச பூ. கிணறு. இந்த வீட்டு ஆம்பளை ஒருத்தனும். பூ குடு. ஒரு சொல் கூட மாறாமல் அப்படியே வந்துகொண்டிருந்தது.

எனக்கு முதலில் தோன்றியதைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். எங்கள் அக்காவைப் பிடித்த அதே ஆவி சினிமாவுக்குள்ளும் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.  மாமியார் கட்டிலிலிருந்து "என்னம்மா உடைஞ்சது?" என்று கேட்டார். படம் அக்கா கல்யாணத்துக்கு முந்தியது என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அதற்குப் பின்னால் வந்த எண்ணம் அந்த ஆவியை விடப் பயங்கரமாக இருந்தது.

பாஸ்டருக்கு இந்தப் படம் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. படப்பைக்காரர்களுக்குத் தெரியாது. சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் டீக்கடையில் நிற்கிற யாரைக் கூப்பிட்டிருந்தாலும் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார், இது அந்தப் பட வசனம் ஆச்சே என்று. சினிமா பாவம் என்று ஒதுங்கிய ஒரு கூட்டம் மட்டும் அதைக் கேட்டு முழங்காலில் விழுந்தது. திரும்பத் திரும்ப அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். மகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே சேலையூர் போனேன். அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரங்களைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னேன்: "வந்துட்டியா? உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

அக்கா நிமிரவில்லை. குண்டானைத் துடைத்துக்கொண்டே, அந்தக் கட்டைக் குரலில், அடுத்த வரியைச் சொன்னாள்.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சா பாக்குற அந்தப் படத்தை?" என்றாள்.

"எல்லாம் நடிப்பாக்கா?"

"பின்ன?"

"ஏன்க்கா?"

"என்னடீ ஏன்னு கேக்குற? நீதான் பாத்தியே. அடிச்சான்னு வந்தா பஸ் ஏத்தி விட்டீங்க. பேய் பிடிச்சதும் அவங்களே வேன் வெச்சுக் கொண்டாந்து விட்டாங்க. நான் வேற என்ன பண்ணட்டும்?"

சாதாரணமாகச் சொன்னாள். பருப்பு வேகவில்லை, குக்கரில் போட்டேன் என்கிற மாதிரி. எனக்குத்தான் அழுகை பீறிட்டு வந்தது. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு என்னம்மா ஆச்சுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. ஜெபம்தான் பண்ணினார். அப்புறம் சாட்சி சொல்ல ஆரம்பிச்சுட்டார். அவ்ளோ சந்தோஷமா நிக்கிற மனுஷனை எப்படி உக்காரச் சொல்றது?"

புதுப் படம் எப்படி என்று அவளே கேட்டாள். லிஃப்டைப் பற்றிச் சொன்னேன். பாதி முகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"பேய் என்ன பேசுது?"

"ஒண்ணும் பேசாது. கத்தும்."

"எதுக்குச் செத்துச்சுன்னு கூடவா சொல்லாது?"

"கடைசியில ஒரு போலீஸ்காரர் சொல்றார்."

அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அதை ஏன் அவன் சொல்றான்? செத்தது இவதானே? அப்ப இப்போ எவளாவது என்னை மாதிரி ஒருத்தி போய்ப் பாத்தா, அவ எதைப் பாடம் பண்ணுவா?" என்றாள். பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிற எவருக்கும் இது தோன்றியிருக்காது. 

இந்த வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் படம் பார்த்தாய், யார் கூட்டிப்போனார்கள் என்று துருவினேன். "பாத்தேன், விடு" என்றாள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிகிட்ட மட்டும் சொல்லாத."

அவளுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அண்ணன் சொன்ன ஒரே காரணம் பேய். அந்தப் பேயே இல்லை என்று ஆகிவிட்டது. இனி அந்தத் துணி காயும் அறையைக் காலி செய்து அக்காவுக்குக் கட்டில் போட வேண்டியதுதானே? நல்ல சேதி சொல்லப் போகிறவளின் வேகத்தோடு மேடவாக்கம் போனேன். அண்ணன் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு தண்ணி லாரி நின்றது. "இன்னா மேடம் அவசரம், குழாய் மாட்டிகினு கீறோம்ல, சுத்திகினு போங்க" என்றார் லாரிக்காரர். வண்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஏறினேன்.

அண்ணனும் அண்ணியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை டியூஷனுக்குப் போயிருந்தது. நான் ஒன்றும் விளக்காமல் கைபேசியில் அந்தக் காட்சியைப் போட்டு மேசையில் வைத்தேன். "இதைப் பாருங்க முதல்ல" என்றேன்.

கட்டில் வந்தது. கால் ஆடியது. அண்ணி கிட்டே குனிந்து பார்த்தாள். அவளுக்கு அக்காவின் கதை கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தெரியும். அக்கா கையால் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. "ஐயோ, இது அவங்க சொன்னதா சொல்வீங்களே, அதே மாதிரி இருக்கே" என்றாள்.

"மாதிரி இல்ல அண்ணி, அதேதான். அக்காவுக்குப் பேயும் பிடிக்கல, பிசாசும் பிடிக்கல. அந்த ஆள் அடி தாங்காம இந்தப் படத்தைப் பாத்து நடிச்சிருக்காங்க. அப்பா, பாஸ்டர் எல்லாரும் நம்பிட்டாங்க."

 கைபேசியில் மந்திரவாதி பின்வாங்கினார். அண்ணன் திரையைப் பார்க்காமல், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "இப்போ விளக்கு கீழ விழும். திரைச்சீலை பத்திக்கும்" என்றான்.

விளக்கு கீழே விழுந்தது. திரைச்சீலை பற்றிக்கொண்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. "உங்க வீட்லதான் சினிமாவே பாக்க மாட்டீங்களே?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவ கல்யாணத்துக்கு முன்னாடி, தாம்பரத்துல, மேட்டினி. டைப்ரைட்டிங் கிளாஸ்னு வீட்ல சொல்லிட்டுப் போனோம்."

 படப்பையில் அந்தக் கூடத்தில் அன்றைக்கு அண்ணனும் நின்றான். அக்கா வாயைத் திறந்த நொடியிலேயே அவனுக்குப் புரிந்திருக்கும். யாரிடமும் சொல்லாமல் இருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறான். எழுந்து போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நினைப்பு எழுந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது.

"அப்போ பேய் இல்லைன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"பாப்பா பயந்துடுவான்னு போன வாரம் சொன்னியே?"

அவன் கைபேசியை அணைத்து என் பக்கம் தள்ளினான். "பின்ன என்ன காரணம் சொல்லச் சொல்ற?" என்றான். சத்தம் போடவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்கிறவன் போலக் கேட்டான்.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் பயந்ததெல்லாம் அவன் அறிந்தே விட்டுவைத்த பயம்.  நான் ஒரு மடக்கு டீ கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.  

கீழே வண்டிக்குப் பக்கத்தில் நின்று என் கணவருக்குப் பேசினேன். மாமியார் கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் இன்னொரு கட்டில் போடலாம் என்றேன். "போடலாமே, இதை ஏன் இவ்ளோ நாளாச் சொல்லல?" என்றார் அவர். பிறகு அக்காவுக்குப் பேசினேன்.

"இல்லம் எல்லாம் வேண்டாம்க்கா. நாளைக்குச் சாமானை என் வீட்டுக்கு ஏத்து."

 பின்னால் பாத்திரம் உரசும் சத்தம் நின்றது. "தம்பிகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற நான் யோசிக்காமல் பொய் சொன்னேன். "ஆடிப் போயிட்டான்க்கா. அவனுக்கு எதுவுமே தெரியாதாம். தெரிஞ்சிருந்தா உன்னை அப்பவே வெச்சுக்கிட்டிருப்பேன்னு சொல்லி அழறான்."

 அக்கா, "அப்படியா" என்றாள். "அப்ப அன்னைக்கு இடைவேளையில எனக்கு முறுக்கு வாங்கிக் குடுத்தது வேற யாரோ போல."